இரவில் கடிக்கிறது, கடிப்பது எது?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று கிழமையாகக் காலையில் எழும்பும்போது எனக்கும் ஒன்பது வயது மகளுக்கும் கையிலும் கழுத்திலும் சிவந்த தடிப்புகள். கடி தாங்க முடியவில்லை. நுளம்பு வலைக்குள்தான் படுக்கிறோம். அலர்ஜிக்குப் போடும் பிரிற்றன் குளிசை போட்டால் அன்றைக்கு மட்டும் குறைகிறது. அதே கட்டிலில் படுக்கும் கணவருக்கு ஒன்றும் இல்லை, "உடம்புச் சூடு" என்கிறார். மூட்டைப்பூச்சியாக இருக்குமோ? வீட்டைத் துப்புரவாகத்தான் வைத்திருக்கிறேன். (வாசகி, கொக்குவில்)

பதில்: எங்கள் ஊரில் 'கடிக்கிறது' என்ற சொல்லே டொக்டருக்கு ஒரு சோதனை. பூச்சி கடித்தாலும் கடிக்கிறது, தோல் அரித்தாலும் கடிக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டும் நடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் நேரில் வந்து கையைக் காட்டினாலும் தோலை மட்டும் பார்த்து நான் அடித்துச் சொல்லமாட்டேன். நுளம்பு, தெள்ளு, மூட்டை மூன்றின் தடிப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாக இருந்தால் மூட்டை மேல் சந்தேகம் கூடும், அவ்வளவுதான். விடை கட்டிலில் இருக்கிறது.

கணவரின் சுத்தமான தோலைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். மூட்டைப்பூச்சியின் உமிழ்நீருக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. சிலருக்குத் தடிப்பே வராது, சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் வரும். அவரையும் அது குடித்துக்கொண்டுதான் இருக்கலாம்.

சரி, கட்டிலுக்கு வருவோம். வெளிர் நிற விரிப்பை நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பேனை முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கின்றனவா? அது பூச்சியின் எச்சம், செரித்த இரத்தம். பல்லி எச்சம் துணியின் மேல் தனிக்கட்டியாக நிற்கும், ஒரு முனையில் வெள்ளை இருக்கும். இதுவோ மை போலத் துணிக்குள் ஊறியிருக்கும். ஈரப்பஞ்சால் தேய்த்தால் செம்பழுப்பாக இழுபடும். இரத்தம் குடித்த பூச்சி நித்திரையில் நீங்கள் புரளும்போது நசிந்தால், விரிப்பில் சின்னச் சின்ன இரத்தக் கறையும் இருக்கும்.

பிறகு ஒரு ரோச் லைற்றும் பழைய ரீலோட் காட் ஒன்றும் எடுங்கள். மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பிடித்து, காட்டின் முனையை அந்த மடிப்போடு இழுத்துப் பாருங்கள். பயற்றந்தோல் போல மெல்லிய, மஞ்சள் கலந்த பழுப்புச் சட்டைகள் உதிர்ந்தால், அது குஞ்சு வளரும்போது கழற்றிப் போட்டது. பெரிதாகும்வரை ஐந்து தடவை கழற்றும். ஒவ்வொரு தடவைக்கும் முன் இரத்தம் குடித்தாக வேண்டும். முட்டை ஒரு மில்லிமீற்றர் அளவில் வெள்ளையாக மரத்தோடு ஒட்டியிருக்கும். வளர்ந்த பூச்சி ஐந்து முதல் ஏழு மில்லிமீற்றர், தட்டை, செம்பழுப்பு நிறம். பறக்காது, பாயாது, ஊர்ந்துதான் வரும்.

தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், ஆணித் துவாரங்கள், கட்டில் சட்டத்தின் பொருத்துகள், நீங்கள் நம்பிப் படுக்கும் நுளம்பு வலையின் மடிப்பு, தலைமாட்டில் கொழுவிய சாமிப் படத்தின் பின்புறம் ஆகியவற்றை விடாதீர்கள். வீட்டில் சாய்மனைக் கதிரை இருந்தால் அதன் பின்னலையும் பாருங்கள். பெரும்பாலும் மனிதர் படுக்கும் இடத்திலிருந்து ஓரிரு மீற்றருக்குள்தான் ஒளித்திருக்கும். பூச்சி பெருகிய அறையில் ஒரு மணம் வரும். பச்சைக் கொத்தமல்லி இலையைக் கசக்கினால் வருவது போல, ஆனால் வாந்தி வருகிற மாதிரி. வீட்டில் அம்மம்மா இருந்தால் அவருக்கு அந்த மணம் தெரிந்திருக்கும்.

துப்புரவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மூட்டைக்கு ஊத்தை தேவையில்லை, இரத்தம் இருந்தால் போதும். அண்மையில் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்வந்தீர்களா? நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்களின் சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே இருந்ததா? பழைய கட்டில் வாங்கினீர்களா? நானே ஒருமுறை பயணப் பையோடு மூட்டையாரை வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு மாதம் பட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடி விரல் இடுக்கு, மணிக்கட்டு என்றும், உடுப்புக்குள் இடுப்பு, தொப்புளைச் சுற்றி என்றும் இருந்தால் சிரங்கை நினைக்க வேண்டும். அதுவும் இரவில்தான் கூடும். அதற்கு வேறு மருந்து, வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பூச வேண்டும். மூட்டையோ பொதுவாகத் திறந்திருக்கும் முகம், கழுத்து, கையைத்தான் தேடும்.

தடிப்புக்குக் குளிர்ந்த ஈரத்துணியும் கலமைன் லோஷனும் போதும். மகளின் நகத்தை வெட்டிவிடுங்கள். பிரிற்றனைக் கேட்காமல் தொடர்ந்து கொடுக்க வேண்டாம், பிள்ளை வகுப்பில் தூங்கி விழும். புண் சீழ் பிடித்தால், சிவப்பு பரவினால் காட்டுங்கள். முகம் வீங்கி மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. அதனால் காய்ச்சல் வந்தால் பழியை அதன் மேல் போட்டுவிட்டு இருக்காதீர்கள், இங்கே டெங்கு இருக்கிறது.

பூச்சி இருப்பது உறுதியானால் மெத்தையை அடுத்த அறைக்கு இழுக்காதீர்கள், அது அங்கேயும் குடியேறும். விரிப்பு, உறை, வலை எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே பையில் கட்டி எடுத்துப்போய், துணி தாங்குமளவுக்குக் கொதிநீரில் ஊறவிடுங்கள். கட்டில் பொருத்துகளுக்கும் கொதிநீர்தான். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவது நெருப்போடு விளையாடுவது. முட்டை ஏறத்தாழ பத்து நாளில் பொரிக்கும் என்பதால் இரண்டு கிழமையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அடங்காவிட்டால் பூச்சி ஒழிப்பாளரைக் கூப்பிடுங்கள். கண்ட மருந்தை மெத்தையில் அடித்து அதில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள்.

தேடும்போது ஒன்று அகப்பட்டால் நசுக்காமல் செலோரேப்பில் ஒட்டி உங்கள் டொக்டரிடம் கொண்டுபோங்கள். உயிரோடு போத்தலில் கொண்டுபோவதானால் மூடியை நன்றாக இறுக்குங்கள். அவருடைய அறையிலும் குஷன் கதிரை இருக்கும்.