திரைப்பதிவு மென்பொருளுக்குக் காசு எதற்கு?

பாட வீடியோ தயாரிப்பவர்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் அதிகம். கணினித் திரையில் நடப்பதைக் குரலுடன் பதிவு செய்யும் மென்பொருள்களைப் பற்றியவற்றை மட்டும் சுருக்கி இங்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோவாக எடுத்து மாணவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினி வாங்கப் போன கடையில், திரைப்பதிவு மென்பொருள் ஒன்றை ஓராண்டுச் சந்தாவுடன் சேர்த்தே தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். அந்த மென்பொருள் இல்லாமல் மடிக்கணினி மட்டும் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் 'சேர்த்தே தருவதற்கு' நீங்கள் கொடுக்கும் பணம்.

திரையைப் பதிவு செய்வது மட்டும்தான் தேவையென்றால், இன்று அதற்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. விண்டோஸ் 11-இல் திரையைப் படமெடுக்க உதவும் ஸ்னிப்பிங் டூல், 2023 முதல் வீடியோவாகவும் பதிவு செய்கிறது. விண்டோஸ் விசையையும் ஜி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் கேம் பார் விளையாட்டுக்காரர்களுக்காக உருவானது. அது ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதியும், டெஸ்க்டாப்பையோ கோப்புறைகளையோ பதியாது என்பதால், வடிவியல் செயலியிலிருந்து பாடப்புத்தகப் பிடிஎஃப்புக்குத் தாவித் தாவிப் பாடம் நடத்தும் உங்களுக்கு அது ஒத்துவராது. தொடர்ந்து வீடியோ எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஓபிஎஸ் ஸ்டுடியோவை நிறுவிக்கொள்ளுங்கள். 2012-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் அது, அதாவது நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நேர வரம்போ, திரையில் விழும் முத்திரையோ கிடையாது. 'சீன்' (திரையின் அமைப்பு), 'சோர்ஸ்' (அதில் சேர்க்கும் சாளரம், மைக் போன்றவை) என்று முதல் நாள் சற்று மிரட்டும் என்பது உண்மைதான். பாட வீடியோவுக்கு 1920-க்கு 1080 அளவும் விநாடிக்கு 30 சட்டகங்களும் (ஃபிரேம்) போதும். 60 சட்டகம் வைத்தால் கோப்புதான் பெருக்கும், சூத்திரம் தெளிவாகிவிடாது. அதைவிட, விண்டோஸின் திரை அமைப்பில் எழுத்தளவை 125 அல்லது 150 சதவீதமாக உயர்த்திவிட்டுப் பதிவு செய்தால், செல்பேசியில் பார்க்கும் மாணவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

அப்படியானால் கேம்டேசியா போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏமாளிகளா என்றால், இல்லை. அவர்கள் வாங்குவது தொகுக்கும் வசதியை: சுட்டி இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, அம்புக்குறி போடுவது, திணறிய இடங்களை வெட்டுவது எல்லாம் பதிவு செய்த இடத்திலேயே முடிந்துவிடும். வாரத்துக்குப் பல வீடியோ வெளியிட்டு அதில் வருமானமும் பார்ப்பவருக்கு அந்தச் சந்தா கட்டுப்படியாகும். உங்களுக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் என்ற இலவசத் தொகுப்பு மென்பொருள்களில் ஒன்று போதும். முதல் சில பாடங்களை இப்படியே முடித்துப் பாருங்கள். எந்த வேலையில் உங்கள் நேரம் கரைகிறது என்று தெரிந்த பிறகு, அந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுக்கலாம்.

கேள்வி: எது சிறந்த திரைப்பதிவு மென்பொருள்? உடனே பதில் தேவை. (வாசகர், சென்னை)

பதில்: எந்தக் கணினி, என்ன பாடம், எவ்வளவு நேரம், யார் தொகுப்பார் என்ற எதையும் சொல்லாமல் அவசரப்படுபவருக்கு, மேலே உள்ள பதிலைப் படிக்கும் அளவுக்காவது பொறுமை வேண்டும்.

கேள்வி: ஜிஎஸ்டி கணக்கு எழுதுவதைத் தமிழில் கற்பிக்கும் வீடியோக்கள் தயாரிக்கிறேன். 'முற்றிலும் இலவசம்' என்று போட்டிருந்த மென்பொருளில் பன்னிரண்டு பாடங்களைப் பதிந்து, வெட்டி ஒட்டி முடித்து, வீடியோவாகச் சேமிக்கப் போனால் திரையின் குறுக்கே அந்த நிறுவனத்தின் பெயர் விழுந்தது. ஒரு மாதத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பணம் கட்டினேன். அதன் பிறகும் மாதந்தோறும் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். என் தவறுதானே? (கணக்காளர், ஈரோடு)

பதில்: உங்கள் தவறு அல்ல அம்மா. 'இலவசம்' என்பதை நம்பியது தவறு என்றால், அந்தச் சொல்லை அவர்கள் எதற்கு அவ்வளவு பெரிதாகப் போட வேண்டும்?

அவசர வேலையை முதலில் சொல்கிறேன். சந்தா முடிவதற்குள் பன்னிரண்டு பாடங்களையும் எம்பி4 கோப்புகளாக வெளியே எடுத்து வேறொரு வட்டில் சேமித்துவிடுங்கள். அந்த மென்பொருளின் சொந்த வடிவில் இருக்கும் தொகுப்புக் கோப்புகளைச் சந்தா முடிந்த பிறகு திறக்க முடியாமல் போகலாம். பிறகு அந்நிறுவனத்தின் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள்; அதோடு நிறுத்தாமல், உங்கள் வங்கியின் இணையப் பக்கத்தில் அட்டைக்குரிய தொடர் கட்டண அனுமதிகளின் பட்டியலைத் திறந்து அங்கும் ரத்து செய்யுங்கள். இப்படித் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கு, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. அது வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செல்லும் பணத்துக்கும் பொருந்தும். குறுஞ்செய்திகளிலும் மின்னஞ்சலிலும் தேடுங்கள். தகவலே வரவில்லை என்றால், வங்கியிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள்.

இனி, எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். இலவசப் பதிப்புக்கு வரம்பு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பேண்டிகேம் என்ற திரைப்பதிவு மென்பொருளின் இலவசப் பதிப்பு பத்து நிமிடத்தில் நின்றுவிடும், தன் பெயரையும் மேலே பதிக்கும். லூம் என்ற இன்னொன்றின் இலவசக் கணக்கில் ஒரு வீடியோ ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. இவற்றை அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பிடித்தால் பயன்படுத்தலாம், பிடிக்காவிட்டால் விலகலாம். என் கோபமெல்லாம் பதிவு செய்ய விட்டு, தொகுக்க விட்டு, நம் ஒரு வார உழைப்பு உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு வாசலில் நின்று கட்டணம் கேட்பவர்கள் மீதுதான். அளவெடுத்து, துணியை வெட்டி, தைத்தும் முடித்துவிட்டு, பொத்தானுக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் கொடுத்தால்தான் சட்டையைத் தருவேன் என்று சொல்லும் தையல்காரரின் கடைக்கு நாம் இரண்டாம் முறை போவோமா? மென்பொருளில் மட்டும், முழுதாகப் படிக்காதது நம் குற்றம் என்று தலைகுனிந்து பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

இது வெறும் புலம்பல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. தொடர்ந்து பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும் என்பதை உரியபடி தெரிவிக்காமல் இலவசம் என்று விளம்பரம் செய்வதும், சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைத்து வைப்பதும், ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவில் தொடர்ந்து விற்பனை செய்யும் எல்லா இணையதளங்களையும் அவை கட்டுப்படுத்தும். விளம்பரப் பக்கத்தையும், சேமிக்கும்போது வந்த அறிவிப்பையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பணம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

மற்றவர்கள் கவனிக்க: எந்த மென்பொருளானாலும், முதல் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, அதில் ஒரு வெட்டுப் போட்டு, வீடியோவாகச் சேமித்து, அதை உங்கள் செல்பேசியில் ஓட்டிப் பாருங்கள். இதற்கிடையில் எங்கேனும் அட்டை எண் கேட்டால் அந்த மென்பொருளை அப்போதே நீக்கிவிடலாம்.

கேள்வி: ஒரு திரைப்பதிவு மென்பொருளுக்கு 'வாழ்நாள் உரிமம்' ரூ.2,999 என்றும், சலுகை பதினைந்து நிமிடத்தில் முடியும் என்றும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. என்ன செய்ய? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நாளைக் காலை அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள், கடிகாரம் மறுபடியும் பதினைந்திலிருந்து ஓடினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். இப்படிப் பொய் அவசரம் காட்டுவதும் நான் மேலே சொன்ன 13-இல் ஒன்று. 'வாழ்நாள்' என்பது யாருடைய வாழ்நாள் என்றும் படித்துப் பாருங்கள். நான் வாங்கி வைத்திருக்கும் ஒரு வாழ்நாள் உரிமம் அந்த ஒரு பதிப்புக்கு மட்டும் உரியது. அடுத்த விண்டோஸ் வந்ததும் அதன் வாழ்நாள் முடிந்துவிட்டது.

கேள்வி: ஓபிஎஸ்ஸில் இரண்டு மணி நேர வகுப்பைப் பதிந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை. மீட்டுத் தர எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். (பயிற்சி நிலைய நடத்துநர், தஞ்சாவூர்)

பதில்: வயிற்றெரிச்சலான விஷயம்தான். கொடுக்கும் முன் ஒரு முயற்சி செய்து பாருங்கள். எம்பி4 வகைக் கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். அது எழுதப்படாததால், காட்சிகள் உள்ளே இருந்தும் கோப்பு திறக்க மறுக்கிறது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி, அதே அமைப்புகளுடன் பதிந்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததைச் சீராக்க முயலும். எப்போதும் பலிக்காது, ஆனால் செலவில்லை. மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து அதில் செய்யுங்கள்.

இனிமேல் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். பாதியில் நின்றாலும் நின்ற இடம் வரை ஓடும். பிறகு ஓபிஎஸ்ஸின் கோப்புப் பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ்' மூலம், தரம் குறையாமல் அதை எம்பி4 ஆக்கிவிடலாம். 2024-இல் வந்த 30.2 பதிப்பு முதல் 'ஹைப்ரிட் எம்பி4' என்ற வடிவமும் உண்டு. அதுவும் இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காகவே வந்தது.

கேள்வி: என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருப்பதாகப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் குரலைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஆண்டுக்கு ரூ.12,000. வாங்கட்டுமா? (சமையல் கலைஞர், கோயம்புத்தூர்)

பதில்: மடிக்கணினியின் உள் மைக்கில் பேசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தத் தொகையில் சிறு பகுதிக்கே சட்டையில் மாட்டும் காலர் மைக் கிடைக்கும். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக் செய்வதை, மூன்று அடிக்கு அப்பால் பதிந்த குரலில் எந்த மென்பொருளும் செய்துவிடாது. திரைச்சீலையும் மெத்தையும் உள்ள அறையில் உட்கார்ந்து பேசினால் எதிரொலி பாதி அடங்கும். மின்விசிறி இரைச்சலுக்கு ஓபிஎஸ்ஸிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. ஸ்டுடியோக்களில் தொங்குமே என்று ஆசைப்பட்டு விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். என் குரலோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் அது அதே அக்கறையுடன் பதிவு செய்தது. இப்போது அலமாரியில் இருக்கிறது.

கேள்வி: கேம்டேசியாவின் கிராக் பதிப்பை டெலிகிராமில் எடுத்து நிறுவினேன். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். மறுநாள் என் யூடியூப் சேனலில் யாரோ கிரிப்டோ விளம்பரம் ஓட்டுகிறார்கள். அந்நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: எந்த நிறுவனத்தின் மீது? நீங்கள்தான் அவர்களிடம் எதையும் வாங்கவில்லையே.

அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கணினியில் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி செய்யுங்கள். உலாவியில் சேமித்திருந்த உள்நுழைவுத் தடயங்களைத் திருடியிருப்பார்கள் என்பதால், கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவது போதாது. விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். வங்கிப் பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள்.

இலவச மென்பொருள் தேடுபவர்களும் கவனமாக இருங்கள். 2023 தொடக்கத்தில் கூகுள் தேடலில் விளம்பரமாக வந்த போலி ஓபிஎஸ் தளங்களில் இதே வகைத் திருட்டு நிரல்தான் இருந்தது. obsproject.com என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

கேள்வி: ஓபிஎஸ்ஸில் திரை கருப்பாகவே பதிவாகிறது. ரேம் போதவில்லை, நாலாயிரம் ஆகும் என்கிறார் பழுது பார்ப்பவர். (ஓய்வுபெற்ற பொறியாளர், திருநெல்வேலி)

பதில்: பணத்தை எடுக்காதீர்கள். உங்களுடையது இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உள்ள மடிக்கணினி என்றால், இது அதில் சாதாரணமாக வரும் சிக்கல். விண்டோஸ் அமைப்புகளில் திரை, கிராபிக்ஸ் என்று போய், ஓபிஎஸ்ஸைச் சேர்த்து, 'மின் சேமிப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓபிஎஸ்ஸை மூடித் திறங்கள்.

கேள்வி: வங்கிச் செயலியைப் பயன்படுத்துவது எப்படி என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் செல்பேசியிலேயே பதிவு செய்து அனுப்ப நினைத்தேன். வீடியோ கருப்பாக இருக்கிறது. இதைத் தாண்டிப் பதியும் செயலி ஒன்றை வாங்கச் சொல்கிறார் நண்பர். (தனியார் ஊழியர், ஓசூர்)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பதிவுச் செயலியில் பழுதில்லை. வங்கிச் செயலி தன் திரையைப் படமெடுக்க விடாமல் வேண்டுமென்றே தடுக்கிறது. அந்தத் தடையைத் தாண்டுவதாகச் சொல்லும் செயலியிடம் உங்கள் கடவு எண்ணையும் காட்டுவதாகிவிடும். மற்றச் செயலிகளுக்கு, ஆண்ட்ராய்டு 11 முதல் போனிலேயே திரைப்பதிவு இருக்கிறது. ஐபோனில் 2017-இலேயே வந்துவிட்டது. அம்மாவுக்கு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அதுவரை அவருடைய வங்கிக் கிளையில் கேட்டுக்கொள்ளட்டும்.