வேதம் போதும், சரித்திரம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு சுவிசேஷ சபையில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிறேன். போன மாதம் ஆதிச்சபைப் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்தைப் பற்றியும் சபைச் சீர்திருத்தம் செய்த லூத்தரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினேன். முடிந்ததும் மூப்பர் ஒருவர் எழுந்தார். கையிலிருந்த வேதத்தை உயர்த்திக் காட்டி, "நமக்கு இது போதும் தம்பி. அப்போஸ்தலர் காலத்துக்கு அப்புறம் நடந்ததெல்லாம் மனுஷருடைய பாரம்பரியம்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்காக தினமும் ஜெபிக்கிறவர், அவரை எதிர்த்துப் பேசவும் மனமில்லை. இரட்சிக்கப்பட்ட ஒருவனுக்குச் சபைச் சரித்திரம் தேவையா?

வாசகர், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

எதிர்த்துப் பேசாமல் விட்டது நல்லது. அவர் சொன்னதில் பாதி என் விசுவாசமும்கூட. இரட்சிப்புக்கு வேண்டியது முழுவதும் வேதத்தில் இருக்கிறது, எந்தச் சங்கமும் எந்தப் போதகரும் அதற்கு மேலே இல்லை. இதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் உயர்த்திக் காட்டினாரே ஒரு புத்தகம், அது அவர் கைக்கு எப்படி வந்தது?

அதைத் திறந்தால் முதலில் ஓர் அட்டவணை வரும். புதிய ஏற்பாட்டில் 27 புத்தகங்கள். அந்த அட்டவணையை எந்த அப்போஸ்தலரும் எழுதி வைக்கவில்லை. கூட்டாமல் குறைக்காமல் இதே 27ஐயும் சொல்லும் முதல் பட்டியலாகப் பொதுவாகக் காட்டப்படுவது, அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியஸ் 367இல் எழுதிய ஈஸ்டர் கடிதம். அந்தப் புத்தகங்களுக்கு அதிகாரம் கொடுத்தவர் தேவன். அவற்றை இன்னவை என்று அறிந்துகொண்டவர்கள் மனிதர்கள், அதற்குத் தலைமுறைகள் ஆயின.

நீங்கள் பேசிய நிசேயா சங்கம் கூடியது 325இல். குமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸும் வசனத்தோடுதான் வந்தார். அவர் பக்கத்தார் அதிகம் காட்டியது நீதிமொழிகள் 8:22. அங்கே பேசுகிற ஞானம் குமாரனே என்று எடுத்துக்கொண்டார்கள். நம் தமிழ் வேதத்தில் அங்கே கர்த்தர் ஞானத்தைத் தமது வழியின் ஆதியாகக் "கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. அவர்கள் கையிலிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் "படைத்தார்" என்று இருந்தது. ஒரே வினைச்சொல்தான், சபையே இரண்டாகும் அளவுக்குச் சண்டை. குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல என்று நின்ற அத்தனாசியஸ் இதற்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். இன்றைக்கும் அதே போதனையோடு, அதே வசனத்தோடு, நம் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூப்பர் அவர்களுக்கு என்ன பதில் சொல்வாரோ அது அத்தனாசியஸ் சொன்ன பதிலாகத்தான் இருக்கும், பெயர் தெரியாவிட்டாலும்.

சரி, அது தூர தேசம். உங்கள் ஊருக்கு வருகிறேன்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். கொள்ளைப் பொருளோடு பிரெஞ்சுக்காரர்களின் அச்சு இயந்திரமும் சென்னைக்குப் போனது. அதை ஓட்டத் தெரிந்தவர் அங்கே கும்பெனியாரிடம் இல்லை. வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பப்ரீசியுஸ் கேட்டார், கொடுத்தார்கள். கும்பெனி வேலை வந்தால் அதை முதலில் அச்சடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. வேப்பேரி அச்சகம் இப்படித்தான் தொடங்கியது. பப்ரீசியுஸின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த அச்சகத்தில் 1772இல் வெளிவந்தது. மூப்பர் கையில் இருப்பது பெரும்பாலும் 1871இல் வந்த பவர் ஐயர் திருப்புதலாக (மொழிபெயர்ப்பாக) இருக்கும். அதற்கு அடியில் பப்ரீசியுஸின் தமிழ் ஓடுகிறது. உங்கள் ஊரில் சூறையாடிய இயந்திரம் உங்கள் மூப்பரின் வேதத்துக்குப் பாட்டன் முறை என்று சொன்னால் தப்பில்லை.

எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரில். பாட்டி லூத்தரன் சபை. அவருடைய வேதம் பப்ரீசியுஸ் திருப்புதல், தேவன் என்று நாம் வாசிக்கிற இடமெல்லாம் அதில் பராபரன். 2011 டிசம்பரில் தானே புயல் ஓட்டைப் பிய்த்துப் போட்ட இரவில் அந்தப் புத்தகம் முழுக்க நனைந்துவிட்டது. மறுநாள் வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து, தாளுக்குத் தாள் பழைய வேட்டித் துணியைக் கிழித்து வைத்து உலர்த்தினோம். முன்தாளில் பாட்டியின் அப்பா எழுதிய ஞானஸ்நானத் தேதிகள் மை கரைந்து நீலக் கறையாகிவிட்டன. யோவான் முதல் அதிகாரம் மட்டும் ஏனோ நனையவே இல்லை. அன்றைக்குத்தான் அந்தத் திருப்புதலை ஒழுங்காக வாசித்தேன். பிறகு அதைத் தந்த மனிதரைத் தேடிப்போனேன்.

அவரைப் பற்றி வாசித்தபோது மனசு கஷ்டப்பட்டது. அத்தனை பெரிய மொழிபெயர்ப்பாளர், கடைசிக் காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். 1791இல் இறந்தார். இதை மறைத்து அவரைப் பரிசுத்தவானாக மட்டும் காட்டும் புத்தகங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எபிரெயர் 13:7 நம்மை நடத்தினவர்களை நினைக்கச் சொல்லும்போது, அவர்களுடைய "நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து" என்றும் சேர்த்தே சொல்கிறது. முடிவைச் சிந்திக்க வேண்டுமென்றால் முதலில் அது தெரிய வேண்டாமா?

தம்பி, இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். புதுச்சேரியில் இதைப் பேசினால் உடனே கத்தோலிக்கர் பக்கம் கை நீட்டுவார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745இல் வரும் செய்தி பலருக்குத் தெரியும். புதுச்சேரி கத்தோலிக்கக் கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே என்று அவர்கள் போய்க் கேட்டார்கள், பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். "பார்த்தீர்களா, வேதத்தை விட்டதால் வந்த வினை" என்று நம் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வேதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்? லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார், சில வருடங்களிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார். அந்த மிஷனில் 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் எங்கள் கடலூர்க்காரர், வேளாளர். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பெயரை அந்த வரலாற்றில் பார்த்தபோது அவ்வளவு பெருமையாக இருந்தது. ராஜநாயக்கனைப் பற்றித் தெரிந்த பிறகு அந்தப் பெருமையை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

ராஜநாயக்கன் தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்தவர். பறையர் சமூகம், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு கைக்குக் கிடைத்து, அதை வாசித்து வாசித்தே மிஷனைத் தேடி வந்தவர். உபதேசியாராகி (போதகராக அபிஷேகம் பெறாத ஊழியர்), எதிர்ப்புகளைத் தாங்கிச் சபைகளைக் கட்டினார். அடுத்த போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரும் வந்தது. ஒரு பறையர் கையிலிருந்து மேல்சாதி விசுவாசிகள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று அவரைத் தள்ளிவிட்டு, 1741இல் வேறொருவரை நியமித்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடம் உபதேசியாராகவே ஊழியம் செய்து 1771இல் ராஜநாயக்கன் இறந்தார்.

"வேதம் மட்டும் போதும்" என்பதற்கு இந்த மண்ணில் அவரைவிடப் பெரிய சாட்சி யார்? வெறும் புத்தகம்தான் அவரைக் கொண்டுவந்தது. அவரைப் படியேற்ற மறுத்த சபையிலும் அதே புத்தகம்தான் வாசிக்கப்பட்டது. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்னும் கலாத்தியர் 3:28 அவர்கள் வேதத்திலும் இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வருகிறது, ஏனென்றால் இது என் லூத்தரன் சபைக் குடும்பம் செய்தது. நமக்குப் பின்னால் ஒன்றுமே நடக்கவில்லை, நேராக அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து லாஸ்பேட்டைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தால், சபையில் பெண் பார்க்கும்போதும் மூப்பர் தேர்தலின்போதும் யார் வீட்டில் சாப்பிடுவது என்னும்போதும் நமக்குள் பேசுவது யாருடைய குரல் என்று எப்படிக் கண்டுபிடிப்போம்?

மூப்பரிடம் வாதம் பண்ண வேண்டாம். ராஜநாயக்கன் கதையை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை வாலிபர்களையும் அவரையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போய் வாருங்கள். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்க்கின் கல்லறை இருக்கிறது. போகிற வழியில் கடலூரில் இறங்கினால், பாட்டியின் வேதத்தை எடுத்து வைக்கிறேன். தாள்கள் மொடமொடவென்று இருக்கும், மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். யோவான் முதல் அதிகாரத்தை மூப்பரே வாசிக்கட்டும்.