ஆர்வி ஃப்ரிட்ஜ் தானா கட் ஆகுதா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

இங்க அமெரிக்கால கேம்பிங் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் பழைய ஆர்வி, அதாவது உள்ளயே தங்கி சமைக்கிற வசதி இருக்குற வண்டி, வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, எல்லாரும் கேக்குறது ஃப்ரிட்ஜ் பத்தி தான். முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, இது வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் போட்டது இல்ல. அடியில அடுப்பு, உள்ள ஐஸ். அம்மோனியாவும் தண்ணியும் கலந்த கரைசலை பாய்லர்ல கேஸ் நெருப்புலயோ கரண்ட்லயோ சூடாக்குவோம், அம்மோனியா ஆவியாகி மேல போய் குளிர்ந்து திரவமாகும், அப்புறம் ஹைட்ரஜன் இருக்குற குழாய்க்குள்ள இறங்கி திரும்ப ஆவியாகும்போது பெட்டிக்குள்ள இருக்குற சூட்டை இழுத்துக்கும். 1922ல ஸ்டாக்ஹோம்ல ரெண்டு மாணவர்கள் கண்டுபிடிச்ச சமாச்சாரம், இன்னும் அதே தான் ஓடுது. நெருப்பு, அழுத்தத்துல அம்மோனியா, ஹைட்ரஜன், மூணும் ஒரே இடத்துல இருக்குறதால தான் இத்தனை சேஃப்டி சாமான் வச்சிருக்கான்.

கேள்வி: பழைய மேனுவல் மாடல். பட்டனை அமுக்கி பத்த வச்சா பர்னர் எரியுது, கைய எடுத்தா அணைஞ்சிடுது. கேஸ் வால்வ் போச்சா?

வால்வுக்கு இப்பவே காசு செலவு பண்ணாதீங்க. முதல்ல பட்டனை எவ்வளவு நேரம் அமுக்குறீங்க? பத்தினதுக்கு அப்புறமும் ஒரு 15, 20 செகண்ட் பிடிச்சிருக்கணும். நெருப்புல ஒரு செம்புக் குழாய் முனை நீட்டிட்டு இருக்கும் பாருங்க, அது தான் தெர்மோகப்பிள். சூடானா கொஞ்சூண்டு கரண்ட் கொடுக்கும், அந்த கரண்ட் தான் வால்வை திறந்தே வச்சிருக்கு, நெருப்பு அணைஞ்சா கரண்ட் நிக்கும், வால்வ் மூடிக்கும். பேட்டரி கூட வேணாம், அழகான யோசனை.

அதை கழட்டி மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வச்சு, பட்டனை அமுக்கிக்கிட்டே எரியவிட்டு பாருங்க. 25ல இருந்து 35 வரைக்கும் வந்தா நல்லா இருக்கு, 15, 18னு இழுத்துக்கிட்டு இருந்தா முனையில கரி பிடிச்சிருக்கா, நெருப்பு சரியா முனையில படுதான்னு பாருங்க, துடைச்சும் ஏறலன்னா மாத்திடுங்க, விலை கம்மி தான். திரும்ப மாட்டும்போது கையால டைட் பண்ணிட்டு ஸ்பேனர்ல கால் சுத்து, அவ்வளவு தான். பலம் காட்டி முறுக்கினா உள்ள இருக்குற இன்சுலேட்டர் நசுங்கி புதுசும் வேலை செய்யாது, நானே அப்படி ஒண்ணை வீணாக்கியிருக்கேன். மில்லிவோல்ட் நல்லா வந்தும் நிக்கலன்னா அப்ப வால்வ் மேல சந்தேகப்படலாம்.

கேள்வி: எங்களுது எலக்ட்ரானிக். கேஸ்ல போட்டா டிக் டிக்னு கொஞ்ச நேரம் அடிச்சுட்டு "செக்" லைட் வந்துடுது.

நிறைய மாடல்ல கன்ட்ரோல் போர்டு ஒரு 45 செகண்ட் ட்ரை பண்ணும், நெருப்பு தெரியலன்னா கேஸை மூடிட்டு லாக் ஆகிடும். அது பழுது இல்ல, அதோட வேலையே அது தான். சிலிண்டர் இப்ப தான் மாத்தினீங்கன்னா லைன்ல காத்து இருக்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ரெண்டு மூணு தடவை விடுங்க, முதல்ல ஸ்டவ்வை பத்த வச்சா காத்து சீக்கிரம் போயிடும்.

அதுக்கும் வரலன்னா வெளிய இருக்குற கீழ் வென்ட் கதவை திறந்து பாருங்க. சிலந்தி வலை, குளவிக்கூடு, ஃப்ளூ குழாய்ல (புகை போற குழாய்) இருந்து உதிர்ந்த துரு, பாதி பழுதுக்கு இது தான் காரணம். புரோபேன் வாசனைக்கு குளவி ஏன் இப்படி வருதுன்னு தெரியல, மண்ணை கொண்டுவந்து பர்னர் குழாய்க்குள்ளயே வீடு கட்டிடுது. பிரஷ் போட்டு, காத்து அடிச்சு சுத்தம் பண்ணுங்க. ஆரிஃபிஸ்ல, அதாவது கேஸ் வர்ற சின்ன ஓட்டையில, மட்டும் ஊசி, கம்பி விடாதீங்க, ஓட்டை பெரிசாச்சுன்னா நெருப்பு மஞ்சளா எரிஞ்சு கரி கட்டும், ஆல்கஹால்ல ஊறப்போட்டு காய வைங்க. நெருப்பு நீலமா, சத்தம் அதிகமில்லாம எரியணும். இன்னொண்ணு, பல மாடல்ல தெர்மோகப்பிளே இருக்காது, ஸ்பார்க் அடிக்கிற அதே எலக்ட்ரோடு தான் நெருப்பு இருக்கான்னும் பாக்கும், அதனால எரிஞ்சுட்டே அணைஞ்சா எலக்ட்ரோடையும் கிரவுண்ட் ஒயரையும் சுத்தம் பண்ணுங்க.

கேள்வி: வீட்ல நல்லா ஓடுது, யெல்லோஸ்டோன் போனா மட்டும் அடிக்கடி அணையுது.

உயரம்ங்க. அங்க பல கேம்ப்கிரவுண்டு 7,000 அடிக்கு மேல. 5,500 அடி தாண்டினாலே கேஸ்ல பர்னர் மக்கர் பண்ணலாம்னு கம்பெனி கையேட்டுலயே போட்டிருக்கான். கரண்ட் கிடைக்கிற சைட்டா பாத்து ஃப்ரிட்ஜை கரண்ட்ல ஓட்டுங்க.

கேள்வி: பெரிய ஃப்ரிட்ஜ், திடீர்னு டிஸ்ப்ளே மொத்தமா செத்துடுச்சு. பின்னாடி ஒரு சின்ன பாக்ஸ்ல சிகப்பு லைட் மட்டும் எரியுது. பக்கத்து சைட்காரர் அதுல காந்தம் வச்சா சரியாகிடும்னார், வச்சேன், சரியாயிடுச்சு! இனிமே கவலை இல்லையே?

ஐயோ சார், இப்ப தான் கவலையே. அந்த பாக்ஸோட ஒயர் பாய்லர் மேல ஒட்டின ஒரு சூட்டு சென்சாருக்கு போகுது. பாய்லர் அளவுக்கு மீறி சூடானதால மொத்த கரண்டையும் வெட்டி விட்டிருக்கு. நீங்க காந்தம் வச்சது குரைக்கிற நாயை கட்டிப்போட்டுட்டு தூங்கப்போன மாதிரி. உடனே ஆஃப் பண்ணுங்க, கேஸையும் மூடுங்க.

ஏன் சூடாச்சுங்கிறது தான் கேள்வி. பாய்லர்ல கரைசல் குறைஞ்சா, இல்ல ஓட்டம் நின்னா, சூட்டை எடுத்துட்டு போக ஆள் இல்லாம இரும்பு காயுது. அது ரெண்டு விதமா நடக்கும். ஒண்ணு லீக். இன்னொண்ணு வண்டியை சரிவுல நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓட்டுனது. பம்பு கிடையாது, எல்லாம் சரிவை நம்பி தான் ஓடுது, பக்கவாட்டுல 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி, அதுக்கு மேல சாய்ஞ்சா திரவம் வழியில தேங்கிடும். ஓடும்போது வண்டி குலுங்குறதால பரவாயில்ல, நிக்கும்போது தான் பிரச்சனை. பாய்லர் வறண்டு ரொம்ப சூடானா துருப்பிடிக்காம இருக்க கலந்திருக்குற சோடியம் குரோமேட் கெட்டு கட்டியாகி மெல்லிசு குழாயை அடைச்சிடும், திரும்ப கரையாது. ஒரு தடவை சாய்ச்சு வச்சதுக்கு உடனே சாகாது, ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா ஆயுசு போகுது. ஆளை வச்சு கூலிங் யூனிட்டை (பாய்லரும் குழாய்களும் சேந்த பின்பக்க பகுதி) பாக்காம ஓட்டவே கூடாது.

கேள்வி: தெர்மல் ஃப்யூஸ் போச்சுன்னு மெக்கானிக் ஒயரை நேரா சேத்து விட்டுட்டார். ரெண்டு மாசமா சூப்பரா ஓடுது.

இன்னிக்கே எடுத்துடுங்க. அது சாதா ஃப்யூஸ் இல்ல, பர்னர் பக்கம் இருக்கக்கூடாத சூடு வந்தா உருகுறதுக்குன்னே வச்சது. ரெண்டு மாசம் ஓடுச்சுங்கிறது ஒரு சாட்சியே இல்ல.

கேள்வி: ரீகால் (குறை இருக்குன்னு கம்பெனியே திரும்ப கூப்பிட்டு சரி பண்றது) இருக்கான்னு வண்டி நம்பர் போட்டு பாத்தேன், எதுவும் வரல.

வண்டி நம்பரை மட்டும் நம்பாதீங்க, ஃப்ரிட்ஜ் தனி சாமான், ரீகாலும் தனியா வரும். கதவை திறந்தா உள்ள சுவர்ல ஸ்டிக்கர் இருக்கும், அந்த மாடல், சீரியல் நம்பரை வச்சு தேடுங்க. டொமெடிக்ங்கிற ஃப்ரிட்ஜ் கம்பெனி 2006ல ரெண்டு கதவு மாடல்களுக்கு பண்ணாங்க, 1997ல இருந்து 2003 வரைக்கும் செஞ்சது, பாய்லர் குழாய்ல விரிசல் விடலாம்னு. இன்னொரு கம்பெனி நார்கோல்ட், 1200 வரிசைக்கு 2010ல. செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்க கட்டாயம் பாருங்க, முன்னாடி வச்சிருந்தவர் செஞ்சாரான்னு யாருக்கு தெரியும்.

கேள்வி: பின்பக்கம் மஞ்சளா பவுடர், மூக்கை துளைக்கிற நெடி.

லீக். மஞ்சள் அந்த குரோமேட், கையால தொடாதீங்க, விஷம். ஃப்ரிட்ஜை நிறுத்துங்க, கதவு ஜன்னல் திறங்க, வெளிய வாங்க. கூலிங் யூனிட் மாத்தணும், ஒட்டுப்போடுறதெல்லாம் வேலைக்கு ஆகாது.

கேள்வி: தரையோரம் இருக்குற கேஸ் அலாரம் ராத்திரில கத்துது, ஃப்ரிட்ஜா காரணம்?

விட்டுவிட்டு "பீப்"னு மட்டும்னா பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சிருக்கும், இல்ல டிடெக்டருக்கே வயசாகிடுச்சு, பின்னாடி தேதி இருக்கும், 5ல இருந்து 7 வருஷம் தான். ஹேர் ஸ்ப்ரேக்கும், ஓவர்சார்ஜ் ஆகுற பேட்டரியோட வாயுவுக்கும் கூட கத்தும். ஆனா தொடர்ந்து கத்தினா காரணம் தேடிக்கிட்டு இருக்காம எல்லாரும் வெளிய வாங்க, லைட் ஸ்விட்ச்ச தொடாதீங்க, சிலிண்டரை மூடுங்க. புரோபேன் காத்தை விட கனம், தரையில தான் தேங்கும். வெளிய இருந்தே காத்தோட்டம் விட்டுட்டு அப்புறமா ஒவ்வொரு ஜாயின்ட்டா சோப்புத் தண்ணி தடவி பாக்கலாம்.

கேள்வி: பெட்ரோல் போடும்போது ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடலாமா? அஞ்சு நிமிஷம் தானே.

கூடாது. அந்த வென்ட்டுக்கு பின்னாடி எரியுறது நெருப்பு. பங்குக்குள்ள திரும்புறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணுங்க, உள்ள இருக்குற தயிர் அஞ்சு நிமிஷத்துல புளிச்சிடாது.