குற்ற வழக்கு விசாரணையை நீதிமன்றத்தில் நேரில் பார்த்திருக்கிறீர்களா? அந்த அனுபவம் எப்படி இருந்தது?

பார்த்திருக்கிறேன். 2019இல் பெரியப்பாவின் நில வழக்குக்குத் துணையாக மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். பத்தே நிமிடத்தில் அதற்கு வாய்தா போட்டுவிட்டார்கள். எதிரே இருந்த அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு ஒன்றில் சாட்சி விசாரணை நடப்பதாகக் கேள்விப்பட்டு உள்ளே சென்றேன். பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகள் நீங்கலாக, குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். இடம் இருந்தால் யாரும் போய் உட்காரலாம்.

நீதிமன்ற ஊழியரான டவாலி மூன்று முறை பெயர் சொல்லி அழைத்ததும் கூண்டேறியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பிக்குள் எழுந்த சண்டையில் அண்ணன் இறந்திருந்தார். தம்பிதான் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். அந்த அம்மா பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

அரசு வழக்கறிஞர் கேட்ட முதல் விசாரணையில் அவர் தடுமாறவில்லை. குறுக்கு விசாரணையில், இரவு இருட்டில் யாரையும் அடையாளம் பார்த்திருக்க முடியாது, போலீசார் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறீர்கள் என்று எதிரியின் வழக்கறிஞர் அழுத்திக் கேட்டபோது, அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு எதிரியைப் பார்த்தார். அவன் தலை குனிந்தான். “நடையை வெச்சே சொல்லிருவேன் சாமி, நான் தூக்கி வளத்த புள்ள” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவர் தெளியும்வரை காத்திருந்தார். பின்னர் தட்டச்சருக்குச் சொன்ன வாசகம் இது: “இருட்டில் எனக்கு எதிரியை அடையாளம் தெரியவில்லை என்றால் சரியல்ல.”

அந்த ஒரு வரி என்னை இன்றுவரை விடவில்லை. அந்த நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு பொறுமையான மனிதரை அரசு அலுவலகம் எதிலும் நான் கண்டதில்லை. அமர்வு நீதிமன்றச் சாட்சியத்தைப் பொதுவாகத் தொடர்நடையில்தான், அதாவது சாட்சியே தொடர்ந்து சொல்வதுபோல்தான், பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்வதால், கேள்வி மறைந்து பதில் மட்டும் தாளில் நிற்கிறது. தேவையென்று கருதினால் கேள்வி பதிலாகவே பதியவும், சாட்சி நடந்துகொண்ட விதத்தைக் குறித்து வைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அன்று அப்படி எதையும் அவர் எழுதச் சொன்னதாக என் காதில் விழவில்லை.

வழக்கு முடியும் முன் நீதிபதி மாறுதலாகிப் போனால், அடுத்து வருபவர் அந்தத் தாளை வைத்தே தீர்ப்பெழுதலாம். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான். அந்த மௌனமும் குனிந்த தலையும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சாட்சியை நேரில் கண்ட விசாரணை நீதிபதியின் கருத்துக்கு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தனி மதிப்புத் தருவதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

முடிவில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். “சரிங்கய்யா” என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டு, எதிரி நின்ற பக்கம் திரும்பாமலே அவர் வெளியேறினார்.

நீங்கள் போவதானால் காலை பத்தரைக்கு முன்பே போய், கைபேசியை அணைத்துவிட்டு, சாட்சிக் கூண்டு நன்றாகத் தெரியும் பக்கமாக உட்காருங்கள்.