சீனாவுல வாத்தியார் வேலை: உங்க கேள்வி, என் பதில்

வூஹான்ல ஒரு யுனிவர்சிட்டில நாலு வருஷம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தேன்னு போன இதழ்ல ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, நான் கெமிஸ்ட்ரில பிஎச்டி, என் மனைவி எம்.ஏ. இங்கிலீஷ். ரெண்டு பேருக்கும் சீனாவுல யுனிவர்சிட்டி வேலை கிடைக்குமா? (மதுரை வாசகர்)

உங்களுக்கு வாய்ப்பு இருக்கு தம்பி. உங்க மனைவிக்குத்தான் கஷ்டம், அவங்க இங்கிலீஷ் எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி. மொழி சொல்லிக்கொடுக்க வர்ற வெளிநாட்டுக்காரங்க பொதுவா அவங்கவங்க தாய்மொழியத்தான் எடுக்கணும்னு அங்க வொர்க் பெர்மிட்டுக்கு விதி வச்சிருக்காங்க, இந்திய பாஸ்போர்ட்ட பார்த்தா இங்கிலீஷ் உங்க தாய்மொழி கணக்குல வராது. ஆனா அதே விதிப்படி தமிழ் எடுக்க நம்மாளுதானே வேணும்! பெய்ஜிங்லயும் யுன்னான்லயும் யுனிவர்சிட்டில சீனப் பசங்க உக்காந்து தமிழ் படிக்கறாங்க, சீன வானொலி தமிழ் ஒலிபரப்பு 1963லயே ஆரம்பிச்சாச்சு. உங்க மனைவிக்கு தமிழ்ல ஏதாவது அனுபவம் இருந்தா அந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க.

இன்னொன்னு, 'டூரிஸ்ட் விசாவுல வந்துடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்'னு எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீங்க. வேலைக்குன்னா இசட் விசாதான். போய் இறங்கின 24 மணி நேரத்துக்குள்ள தங்கற இடத்த போலீஸ்ல பதியணும், 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அதுக்காக பாஸ்போர்ட்ட கொடுத்துட்டு கொஞ்ச நாள் ரசீதோட இருக்க வேண்டி வரும், அதனால முதல் மாசம் ஊர் சுத்த எந்த பிளானும் வச்சுக்காதீங்க.

கேள்வி: நான் இந்த செப்டம்பர்தான் செங்டுல சேர்ந்தேன். கிளாஸ்ல நாப்பது பேர், ஒருத்தர் கூட வாய திறக்க மாட்டேங்கறாங்க. நான் எடுக்கறது பிடிக்கலையா? (வாசகி, செங்டு)

நீங்க ராத்திரி தூங்காம யோசிச்சிட்டு இருப்பீங்க, எனக்கு தெரியும்மா, நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மாசம் 'புரியுதா?'ன்னு கேட்டா நாப்பது தலையும் ஆடும், 'என்ன புரிஞ்சது சொல்லு'ன்னா நாப்பது தலையும் குனியும். அப்புறம்தான் ஒரு விஷயத்த கவனிச்சேன். அங்க ஒரு பீரியட் 45 நிமிஷம், நடுவுல 10 நிமிஷம் பிரேக், ரெண்டு பீரியட் சேர்த்துதான் ஒரு கிளாஸ். அந்த 10 நிமிஷத்துல ஒரு பொண்ணு நோட்ட தூக்கிட்டு டேபிள்கிட்ட வந்து நின்னா, நோட்ல ரூலர் வச்சு கோடு போட்டு மூணு கேள்வி வரிசையா எழுதியிருந்தா, மூணாவது கேள்வி நான் போர்டுல போட்ட கணக்குல ஒரு தப்பு. கிளாஸ் நடுவுல எல்லார் முன்னாடியும் அத சொன்னா எனக்கு மரியாதைக் குறைவா போயிடும்னு பீரியட் முடியற வரைக்கும் மனசுலயே வச்சிருந்து தனியா வந்து சொல்றா. நான் பேசாம இருக்காங்கன்னு வருத்தப்பட்ட பசங்க என் முகம் வாடக்கூடாதுன்னு பேசாம இருந்திருக்காங்க. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அடுத்த பீரியட்ல நானே போர்டுல அந்த தப்ப திருத்தி, கண்டுபிடிச்சது யாருன்னு பேர் சொல்லாம நன்றி சொன்னேன்.

அதுக்கப்புறம் நான் மாத்தினது ரெண்டு விஷயம். தனியா யாரையும் எழுப்பி கேக்கறத விட்டுட்டேன், நாலு பேரா பேச விட்டு குரூப்போட பதில்னு கேட்டேன், பேச ஆரம்பிச்சாங்க. அடுத்து பான்ஜாங்க புடிச்சேன். பான்ஜாங்ன்னா கிளாஸ் லீடர், அங்க ஒரு கிளாஸ் நாலு வருஷமும் ஒண்ணாவே இருக்கும், ஒரே ஹாஸ்டல், ஒரு ரூம்ல நாலு பேரோ ஆறு பேரோ, அதனால யாருக்கு என்ன பிரச்சனைன்னு அந்த லீடருக்குத் தெரியாம இருக்காது. கிளாஸ் வீசாட் குரூப்ல உங்கள சேர்க்கச் சொல்லுங்க, வீசாட்ன்னா அங்க நம்ம வாட்ஸப் மாதிரி. வெளிநாட்டு வாத்தியார்னு நம்மள விருந்தாளி மாதிரி வச்சிருப்பாங்க, ஆனா ஆபீஸ்லருந்து வர்ற எந்த தகவலும் நமக்கு நேரா வராது. ஒரு தடவ பண்டிகை லீவுக்கு ஈடு கட்ட ஞாயித்துக்கிழமையில வெள்ளிக்கிழம டைம்டேபிள்படி கிளாஸ் வச்சாங்க, சீனத்துல வந்த சர்க்குலர் எனக்கு வரவே இல்ல, நான் ரூம்ல துணி துவைச்சிட்டு இருக்கேன், பான்ஜாங்தான் மெசேஜ் போட்டான், 'லாவ்ஷி, நாங்க எல்லாம் கிளாஸ்ல இருக்கோம், அவசரமில்ல, மெதுவா வாங்க'ன்னு. லாவ்ஷின்னா டீச்சர்.

பரீட்சை வர்றதுக்குள்ள கேட்டு வச்சுக்கோங்க, ஏ, பின்னு ரெண்டு செட் கொஸ்டின் பேப்பர் விடையோட கேப்பாங்க, திருத்தறது சிவப்பு மைலதான்.

கேள்வி: நான் சைவம். கேன்டீன்ல சாப்பிட முடியுமா? (சேலம் வாசகி)

முடியும், கவனமா இருக்கணும். தக்காளி முட்டை, கீரை வதக்கல், உருளைக்கிழங்குன்னு நிறைய இருக்கும், 10, 15 யுவான்ல வயிறு நிறையும். முட்டையும் வேண்டாம்னா வாய்ப்பு குறையும். டோஃபு மேல தூவின கொத்துக்கறிய நிறைய பேர் கறின்னே கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, அதனால 'வோ ச்சி சூ', அதாவது நான் சைவம்னு சொல்லிட்டு, கரண்டி விழறதுக்கு முன்னாடி ஒரு தடவ கண்ணால பாத்துக்கோங்க. பன்னிக்கறி மட்டும் ஆகாதுன்னா 'சிங்ஜென்' கவுன்ட்டர் தேடுங்க, அது ஹலால். மத்தியானம் பதினொன்றரைக்கே போயிடுங்க, லேட்டா போனா நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும், அதுக்கப்புறம் ஊரே ரெண்டு மணி வரைக்கும் தூங்கும்.

கேள்வி: என் பொண்ணு பிப்ரவரில வூஹான் போறா, வாத்தியார் வேலைக்கு. தனியா இருப்பா, எனக்கு பயமா இருக்கும்மா. (தஞ்சாவூர் வாசகி)

அம்மா, ராத்திரி பத்து மணிக்கு கேம்பஸ்ல தனியா நடந்து போயிருக்கேன், ஒரு நாளும் பயந்ததில்ல. நீங்க கவலப்பட வேண்டியது குளிருக்குத்தான். வடக்க பெய்ஜிங் மாதிரி ஊர்ல நவம்பர் 15லருந்து மார்ச் 15 வரைக்கும் ஊருக்கே ஹீட்டிங் வரும், வூஹான் அந்த ஹீட்டிங் வர்ற எல்லைக்குத் தெக்க இருக்கறதால நிறைய கிளாஸ் ரூம்ல அது கிடையாது, பசங்க ஜாக்கெட்டோட உக்காந்து எழுதுவாங்க, நானும் கோட்டு போட்டுட்டுதான் பாடம் எடுத்தேன். தெர்மல் ரெண்டு செட் கொடுத்து விடுங்க. ஒரு ஜனவரில எனக்கு இருமல் நிக்கல, கிளாஸுக்குள்ள போறேன், டேபிள் மேல ஒரு ஃபிளாஸ்க், பக்கத்துல சீட்டு, 'துவோ ஹ ழ ஷுவெய்'. சுடுதண்ணி நிறைய குடிங்கன்னு அர்த்தம். நம்ம ழகரத்துக்கு ரொம்ப கிட்ட வர்ற சத்தம் அவங்க மொழிலயும் இருக்கும்மா, நான் அத படிச்சுக் காட்டினதும் கிளாஸே கை தட்டுச்சு, உங்க பொண்ணுக்கும் அது சுலபமா வந்துடும்.

வாட்ஸப், கூகுள், யூடியூப் எதுவும் அங்க சாதாரணமா வேலை செய்யாது. வீசாட்ட இந்தியாவுல 2020லயே தடை பண்ணிட்டாங்க. அதனால எதுல பேசறதுன்னு அவ கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கோங்க.  அங்க மணி நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, நீங்க சீரியல் முடிஞ்சு பத்து மணிக்கு கூப்பிட்டா அவளுக்கு பன்னெண்டரை ஆயிடும், காலைல எட்டு மணிக்கு கிளாஸ் இருக்கும் புள்ளைக்கு, ஏழு மணிக்குள்ள கூப்பிடுங்கம்மா.