சாத்தல் ஹூயூக்: புகையும் உமியும்

அன்புள்ள ஐயா,

சாத்தல் ஹூயூக் பற்றிய கட்டுரையில், அந்த வீடுகளுக்குத் தெருவாசலே கிடையாது, கூரையிலிருந்து ஏணி வழியாகத்தான் இறங்கினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடுப்பும் உள்ளேதான் என்கிறீர்கள். அப்படியானால் புகை எங்கே போயிற்று? பானை சட்டி வருவதற்கு முன் எதில் சமைத்தார்கள்? புதிய கற்கால உழவர்களுக்குப் பெரும்பொழுது வயலில்தானே கழிந்திருக்கும்?

க.

அன்புள்ள க.,

புகைக்குத் தனி வழி இல்லை, ஏணி இறங்கும் அதே துளைதான். துருக்கியின் கொன்யா சமவெளியில் கி.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஊர் அது. அடுப்பைத் தென்சுவரை ஒட்டி, ஏணிக்குப் பக்கத்திலேயே அமைத்தார்கள். புகையில் ஒரு பங்கு மேலே போகும், மிச்சம் வீட்டுக்குள்ளேயே சுற்றும். எரித்தது விறகும் காய்ந்த சாணமும். முதியவர்களின் விலா எலும்புகளில் உட்பக்கம் கரி படிந்திருக்கிறது. நுரையீரலில் சேர்ந்திருந்த கரி, உடல் மக்கியபின் எலும்பில் தங்கிவிட்டது. வெயில் காலத்தில் கூரைமேலும் சமைத்திருக்கிறார்கள். தெரு இல்லாத ஊரில் முற்றமும் பாதையும் கூரைதான்.

புகை கொடுத்த இன்னொரு வேலை, சுவர்ப் பூச்சு. பழைய ஏரிப்படுகையில் வெட்டியெடுத்த வெண்களிமண்ணைக் கரைத்து மெல்லிசாகப் பூசுவார்கள். அது சீக்கிரமே கறுத்துவிடும், திரும்பப் பூச வேண்டும். சில சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சுகள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு வெள்ளைக்கும் நடுவே ஒரு கரிக்கோடு தெரியும்.

பானைக்கு முன் களிமண் உருண்டைகள். தீயில் காய்ச்சி, கூடையிலோ தோற்பையிலோ இருக்கும் நீரில் போட்டு, ஆறியதை எடுத்துவிட்டுச் சூடானதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சமைப்பவரை அடுப்படியைவிட்டு நகரவிடாத சமையல். கி.மு. 6500-ஐ ஒட்டி, அடுப்பில் ஏற்றத்தக்க மெல்லிய பானைகள் வந்ததும் உருண்டைகள் குறைந்துவிடுகின்றன. பானையை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பதைத்தான் அங்கே நடந்த பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன்.

மூன்றாவது கேள்வியில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை. விதைப்பும் அறுப்பும் வருஷத்தில் சில வாரங்கள். நாள்தோறும் பொழுதைத் தின்றது உமி. அவர்கள் பயிரிட்டவற்றில் முக்கியமானது எம்மர் கோதுமை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இன்றும் விளையும் கப்ளி கோதுமை இதே இனம்தான். இதைப் போரடித்தால் மணி உதிராது. கதிர்தான் துண்டு துண்டாக ஒடியும். ஒவ்வொரு துண்டிலும் பெரும்பாலும் இரண்டு மணிகள், கெட்டியான உமிக்குள் இருக்கும். அந்த உமி பூச்சியையும் ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். ஆகவே உமியோடு குதிரில் கொட்டிவைத்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் எடுத்துக் குத்தினார்கள். எலித்தொல்லையும் உண்டு. வீட்டெலிகளின் எலும்புகள் அங்கே ஏராளம்.

லேசாக நீர் தெளித்துப் பிசறிக் குத்தினால் உமி நெகிழ்ந்து கழன்றுவிடும், மணி முழுசாக நிற்கும். நீர் கூடிப்போனால் மணி நசுங்கும். ஒரே குத்தில் எல்லாம் உரியாது. புடைத்து, உரியாததைப் பொறுக்கி மறுபடி உரலில் போட வேண்டும். பெரும்பாலும் மர உரலாக இருக்க வேண்டும், அதனால்தான் மிஞ்சவில்லை. மிஞ்சியது கழிவு. கருகிய உமித்துண்டுகள் வீடுகளுக்கு இடையிலிருந்த சாம்பல் குப்பையில் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன.

பிறகு அரைப்பு. அகன்ற கல்லின் முன் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, குழவியை இரு கையாலும் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இது உடம்பை என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேறோர் ஊரிலிருந்து வருகிறது: சிரியாவில் யூஃப்ரடீஸ் கரையில் இருந்த அபு ஹுரேரா. 1972-73-ல் அகழ்ந்தார்கள், பிறகு அணைநீரில் மூழ்கிவிட்டது. அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த தேயா மோல்சன், கால் பெருவிரல் மூட்டிலும் முழங்காலிலும் கீழ்முதுகிலும் தேய்மானத்தைக் கண்டார். பெரும்பாலும் பெண்களுக்கு.

கல் வழுவழுப்பாகிவிட்டால் மணி நசுங்காமல் வழுக்கும், அம்மி கொத்துவதுபோல அதையும் கொத்த வேண்டும். புதிதாகக் கொத்திய கல்லில் அரைத்த மாவில் கல்தூள் மிகுதி. அரைபடாத மணியும் கல்தூளும் சேர்ந்து அபு ஹுரேராவில் பற்களைத் தேய்த்தன, உடைத்தன. பிந்திய அடுக்குகளில் உடைந்த பற்கள் குறைவு. சல்லடை வந்ததே அதற்குக் காரணம் என்று மோல்சன் கருதினார்.