மாலத்தீவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் கணவருக்கு மாலத்தீவின் தீவுப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது, ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. மகள் அரசுப் பள்ளியில் 9-ஆம் வகுப்பும் மகன் 5-ஆம் வகுப்பும் முடிக்கப்போகிறார்கள். மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. இருவரையும் அழைத்துச் செல்வதா, ஆச்சியிடம் விட்டுச் செல்வதா?

- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அன்புள்ள சகோதரி, மகளை இப்போது இடம் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

மாலத்தீவுப் பள்ளிகளைக் குறைவாக மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. தலைநகர் மாலேயில் 1927-இலேயே தொடங்கப்பட்ட மஜீதிய்யா பள்ளி இன்றும் நடக்கிறது. 1960-களிலிருந்தே அங்கே ஆங்கில வழிக் கல்விதான். ஆனால் 9, 10 வகுப்புகள் சேர்ந்து ஒரே பாடத்திட்டமாக அமைந்து, இறுதியில் பிரிட்டன் தேர்வு வாரியங்கள் நடத்தும் 'ஓ லெவல்' தேர்வில் (நம் 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) முடிவதால், நடுவில் 10-ஆம் வகுப்பில் சேரும் பிள்ளை ஓராண்டுப் பாடத்தைத் தானாகவே படித்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதன்பின் வரும் 'ஏ லெவல்', நம் +1, +2 போன்ற இரண்டாண்டுப் படிப்பு. உங்கள் ஒப்பந்தமோ அதன் பாதியிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, தீவின் அளவு. மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ 190. பெரும்பாலானவற்றில் ஒரே பள்ளிதான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி ஒத்துவராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்றைப் பார்க்கலாம். அங்கே அந்த வசதி இல்லை. சிறிய தீவுகளில் பாடப்பிரிவுகள் குறைவு. மேல்நிலை வகுப்பு எல்லாத் தீவுகளிலும் இல்லாததால், அங்குள்ள பிள்ளைகளே 16 வயதில் வீட்டைவிட்டு மாலேக்குப் போய், உறவினர் வீடுகளில் தங்கிப் படிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் இது கிடைக்கிறது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஓராண்டு வெளியே படித்தாலும் உங்கள் மகள் இந்த உரிமையை இழப்பாள். ஏ லெவல் முடித்தவர்களும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச் சான்று (அந்தப் படிப்பு நம் +2-வுக்கு நிகரானது என்ற சான்று) பெற்று இங்கே கல்லூரியில் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் இழந்த ஒதுக்கீட்டை அந்தச் சான்று மீட்டுத் தராது. ஆகவே அவள் ஆச்சியிடம் இருந்து, +2 வரை இப்போதைய பள்ளியிலேயே படிக்கட்டும்.

மகனை அழைத்துச் செல்லலாம். அவனுக்கும் அந்த ஒதுக்கீடு போய்விடும், அதைத் தெரிந்தே முடிவெடுங்கள். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பெற்றோரின் அருகாமை அதைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப் பாடம் அங்கே இருக்காது என்பதால் நம் பாடநூல்களைக் கொண்டுபோய் மாலையில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். 8-ஆம் வகுப்புக்கு அவன் ஊர் திரும்பிவிட்டால் பெரிய சிக்கல் இராது.

கணவர் கையெழுத்திடுமுன் பணிநியமன ஆணையில் தீவின் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு ஆசிரியரின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடம் உண்டா, மாலத்தீவின் தேசிய மொழியான திவேஹி பாடத்திலிருந்து விலக்கு உண்டா, கட்டணம் எவ்வளவு என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.